யாரும் வைக்காத மூன்றாவது ஜாடி

மேசைமீது இரண்டு ஜாடிகள் இருந்திருக்க வேண்டும். மூன்று இருந்தன.

அதைக் கண்டவர்கள் நால்வர். வாய் திறந்து கேட்டவர் ஒருவருமில்லை. அந்த வீட்டின் குணமே அதுதான். அடுத்தவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்பது தமக்கு முன்னமே தெரியும் என்று ஒவ்வொருவரும் திடமாக நம்பி வந்தனர். ஆகையால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவர்களுக்கு நேர்ந்ததேயில்லை.

சென்ற வாரம் சாப்பாட்டின் நடுவே அப்பா போட்ட குண்டு இன்னமும் புகைந்துகொண்டிருந்தது. கீழ்ச்சரிவு, கல்மேடு, ஓடைக்கரை என்ற தம்முடைய மூன்று தோட்டங்களின் ஒயினையும் கலந்து, ‘வீட்டுச் சிவப்பு’ என்ற பெயரில் அவர் ஆண்டுதோறும் பாட்டிலில் அடைத்து வந்தார். குடும்பத்தின் சோறும் பெயரும் அந்த ஒரு கலவையில்தான் இருந்தன. இவ்வாண்டு அதில் தாம் கைவைக்கப் போவதில்லை என்று அவர் அறிவித்துவிட்டார்.

பெரியவள் ஒன்று கலக்கட்டும். சின்னவன் ஒன்று கலக்கட்டும். மூவருமாகச் சுவைத்து ஓட்டுப் போடுவது. எது வெல்கிறதோ, அதனைக் கலந்தவர் கையில் நிலவறையின் சாவி. மற்றவர் அவர் சொற்படி நடக்க வேண்டியது.

பெரியவள் படிப்பை முடித்த நாள்முதல் அந்த நிலவறையிலேயே கிடப்பவள். பீப்பாய்க்குள் தலையை விட்டுத் தேய்த்ததில் அவளுடைய கைரேகைகள்கூடக் கருஞ்சிவப்பாகிவிட்டன. சின்னவனோ நகரத்தில் ஒயின் விற்றுக்கொண்டிருந்து, சென்ற அறுவடைக்குத்தான் திரும்பி வந்தவன். வந்தவன் சும்மா இருந்தானா? ‘கூடாது’ என்று தமக்கை சொல்வதையெல்லாம் ‘ஏன் கூடாது’ என்று கேட்பதையே தன் உத்தியோகமாக்கிக்கொண்டான். போட்டி அறிவிக்கப்பட்ட பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோயிற்று. ஒரே சோதனை மேடையில், ஒருவர் வெளியேறிய பின்னரே மற்றவர் நுழைந்து, ஆளுக்கொரு கலவையைத் தயாரித்தனர்.

இன்று அந்த நாள். முடிவானதை நாளைக் காலை பெரிய தொட்டியில் கலந்து இளைப்பாற விட்டால்தான், பாட்டில் அடைக்கும் இயந்திரத்தோடு ஊர் ஊராகச் சுற்றும் லாரி வருவதற்குள் ஒயின் தெளியும். லாரி ஒரு முறை தப்பினால் மறுபடியும் பிடிப்பது குதிரைக்கொம்பு.

சுவையறையின் சன்னல் வழியே காலை வெயில் வெள்ளை விரிப்பின்மேல் விழுந்திருந்தது. நிறம் பார்ப்பதற்கென்றே போடும் விரிப்பு அது. ஒவ்வொருவர் முன்னும் மூன்று கண்ணாடிக் கோப்பைகள், ஒரு ரொட்டித் துண்டு, துப்புவதற்கு ஒரு சிறு வாளி. அம்மாவுக்கு ஓட்டு இல்லை. ஜாடியின் அடியில் யாருடையது என்று எழுதி ஒட்டுவதும், முகப்பில் எண் ஒட்டுவதும், ஊற்றுவதும் அவள் பொறுப்பு.

“யாரும் பேசக் கூடாது, மூஞ்சியச் சுளிக்கக் கூடாது, அடுத்தவன் சீட்டை எட்டிப் பார்க்கக் கூடாது,” என்றாள் அம்மா. “பரீட்சை எழுதற மாதிரி உக்காருங்க.”

“பிட் அடிக்கலாமாம்மா?” என்றான் சின்னவன்.

“உனக்குக் கேள்வியே புரியாது, இதுல பிட்டு வேறயா?”

பெரியவள் சிரிக்கவில்லை. முதல் கோப்பையை மூக்கருகே கொண்டுசென்ற மாத்திரத்தில் அது தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. குறை சொல்ல இடமில்லை. இஸ்திரி போட்ட சட்டையைப் போல் மடிப்புக் கலையாமல் இருந்தது. இரண்டாவது, தம்பியுடையது, சந்தேகமேயில்லை. வாசலிலேயே ஓடி வந்து கட்டிக்கொள்ளும் ரகம். உள்ளே போனால் உட்கார நாற்காலி இராது.

மூன்றாவதை வாயில் வைத்தாள்.

முதலில் கீழ்ச்சரிவின் மென்மை. அது நாக்கின் நடுவே வந்ததும் ஏதோ ஒரு கதவு திறந்தாற்போல் விரிந்தது. எல்லாம் முடிந்தது என்று அவள் நினைத்த நேரத்தில் மிளகைக் கடித்தது போன்ற ஒரு சூடு கடைசியில் எழுந்து, போக மறுத்து நின்றது. அவளுக்கு வயிற்றெரிச்சலும் வியப்பும் ஒருங்கே உண்டாயின. ‘இதை இவனா கலந்தான்? ஒன்று வைக்கச் சொன்னால் இரண்டு வைத்துவிட்டானே, திருடன்!’ என்று மனத்திற்குள் வைதுகொண்டாள். ஆனால் நாக்கிடம் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. சீட்டில் மூன்று என்று எழுதி மடித்தாள்.

அப்பா சுவைக்கும்போது ஒருநாளும் விழுங்குவதில்லை. விழுங்கினால் புத்தி மயங்கும் என்பது அவர் கட்சி. முதலாவதைத் துப்பினார். இரண்டாவதையும் துப்பினார். மூன்றாவதை வாயில் வைத்துக் கண்களை மூடிக்கொண்டார். பின்பு மெல்ல விழுங்கிவிட்டார். வாளியைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

அம்மாவின் புருவம் உயர்ந்தது. ஆயினும் அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

சீட்டுகளைப் பிரித்து அவள் உரக்கப் படித்தாள்: “மூணு. மூணு. மூணு.”

சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார் அப்பா. ஜாடியைத் தூக்கி, அடியில் ஒட்டியிருந்ததைப் படித்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மீண்டும் படித்தார்.

“‘அவர்’னு எழுதியிருக்கே. யாரு இந்த அவர்?”

“கேக்கறதைப் பாரு. நீங்கதான்.”

“நானா?”

“பின்னே? பக்கத்து வீட்டுக்காரரையா நான் ‘அவர்’னு எழுதப் போறேன்? அலமாரியில மூணு குடுவை இருந்துச்சு. சிவப்பு நூல் கட்டினது இவளோடது, நீல நூல் அவனோடது. நூலே இல்லாம ஒண்ணு. சரி, மனுஷன் கைய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாம தானும் ஒண்ணு கலந்து வெச்சுட்டார்னு நினைச்சேன்.”

“நான் ஒரு துளி கலக்கல.”

“போங்க. காபித்தூளையே மூணு தினுசு கலந்து போடறவரு நீங்க.”

“சத்தியமா இல்லை. மூணு ஜாடியைப் பார்த்ததும், நீ போன வருஷத்துச் சரக்கை ஒத்துப் பார்க்கறதுக்காக வெச்சிருக்கேன்னு நினைச்சேன். குடிக்கிற வரைக்கும் அப்படித்தான் நினைச்சேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை.

“அப்ப இது உன்னோடது இல்லையா?” என்று பெரியவள் தம்பியை நோக்கிக் கேட்டாள். பேச்சு நின்ற பிறகு அவனிடம் அவள் பேசிய முதல் சொற்கள் இவையே.

“என்னோடதா? நீதான் கள்ளத்தனமா ரெண்டு வெச்சிருக்கேன்னு நான் நினைச்சேன்!”

“நான் உன்னைத்தான்டா அப்படி நினைச்சேன்.”

“அப்போ... என்னோடதுன்னு நினைச்சா மூணு போட்டே?”

“நீ?” என்றாள்.

எதிராளிக்கென்று எண்ணியே ஓட்டுப் போட்ட இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், ரொட்டித் துண்டை ஆராயலாயினர்.

அப்பா சாவியை எடுத்து மீண்டும் பையில் போட்டுக்கொண்டார். “நாளைக்குத் தொட்டியில போறது மூணாவதுதான். யார் பண்ணாங்களோ அவங்களுக்குச் சாவி. பேய் பண்ணியிருந்தா பேய்க்குச் சாவி. கண்டுபிடிங்க.” நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அவர் வெளியேறினார்.

தாழ்வாரத்துக்கு வருவதற்குள் பெரியவளின் கைப்பேசி அடித்தது. எண்ணைப் பார்த்ததும் அவள் சுவரோரம் ஒதுங்கினாள்.

“ஆமா சார். இல்ல சார், மறக்கல. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடறேன்.”

திரும்பினால் அம்மா, கையில் துவைக்கப் போட வேண்டிய விரிப்புடன் நின்றிருந்தாள். விரிப்பில் மூன்று சிவப்பு வளையங்கள்.

வேறொரு பள்ளத்தாக்கில் இயங்கும் பெரிய ஒயின் கம்பெனி ஒன்று பெரியவளைக் கலவைப் பொறுப்புக்கு அழைத்திருந்தது. வீட்டில் அதனை அறிந்தவள் அம்மா ஒருத்தியே. தம்பியின் கீழே நிலவறையில் நின்று, ‘இதைத் திற, அதை மூடு’ என்று அவன் ஏவக் கேட்டுக்கொண்டிருக்க அவளால் ஆகாது. அதே நேரத்தில், அந்த நிலவறையை விட்டுப் போய் வேறோரிடத்தில் மூச்சு விடவும் ஆகுமா என்பது அவளுக்கே தெரியவில்லை.

“அப்பாகிட்ட சொல்லிட்டியா?” என்றாள் அம்மா தணிந்த குரலில்.

“ஜெயிச்சா சொல்லவே வேண்டாம்னு இருந்தேன்.”

“தோத்தா?”

“தோத்தா சொல்லிட்டுக் கிளம்பிடலாம்னு.”

“இப்ப நீ ஜெயிச்சியா, தோத்தியா?”

“அதாம்மா எனக்கும் புரியல.”

அம்மா விரிப்பின் வளையங்களைப் பார்த்தாள். “எனக்கு ஒண்ணு மட்டும் புரியுது,” என்றாள். “இந்தக் கறை போகாது.” விரிப்பைச் சுருட்டிக்கொண்டு நடந்தாள்.

சோதனை மேடை என்பது நிலவறைப் படிக்கட்டின் அருகிலுள்ள ஒரு குறுகிய அறை. ஒரு கல்மேடை, ஒரு தொட்டி, அளவுக் குழாய்கள், ஒரு மரஅலமாரி. மூன்றாவது ஜாடிக்கு ஒயின் வந்த அந்த நூல் கட்டாத குடுவையைப் பெரியவள் மேடைமீது வைத்து, நகைக்கடையில் நகை பார்ப்பவளைப் போல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடைப்பில் ஒரு துணித்துண்டு சுற்றப்பட்டிருந்தது.

சின்னவன் கதவருகே வந்து நின்றான். “உள்ளே வரலாமா? இல்ல, நீ முடிச்சுட்டுப் போனப்புறம் வரவா?”

“வாடா. தனித்தனியா வந்ததுதான் வினையே. இந்தத் துணியப் பாரு. இப்படிச் சுத்தி அடைக்கிறது யாரு?”

“அப்பா. சந்தேகமே இல்லை. வாயைத் திறந்து வெச்சுத் தூங்கினா என் வாயிலகூட இப்படி அடைச்சிடுவார்.”

“அப்ப நேத்து சாயங்காலம் அவர் இதை எங்கேயோ திறந்து கிடக்கப் பார்த்திருக்கார். அடைச்சு அலமாரியில நம்ம குடுவைங்களோட வெச்சிருக்கார். எங்கே இருந்துச்சு?” அவள் கண்கள் அறையைச் சுற்றித் துழாவி, கழுவும் தொட்டியின் பக்கத்தில் நின்றன. “அந்த ஜாடி எங்கேடா?”

அந்த வீட்டில் ஒரு விதி உண்டு. கலந்து பார்த்ததில் மிஞ்சுவது எதுவாயினும் சாக்கடையில் கொட்டலாகாது. தொட்டியின் பக்கத்தில் ஒரு பழுப்பு நிறப் பீங்கான் ஜாடி இருக்கும், மிச்சமெல்லாம் அதனுள்ளே. பின்னர் வினிகர் ஆகும்.

பீங்கான் ஜாடி அங்கே இல்லை.

சின்னவன் தலையைச் சொறிந்தான். “அது... நேத்து காலையில கை பட்டு விழுந்துடுச்சு. உடைஞ்சதை அள்ளிக் குப்பையில போட்டுட்டேன். உன்கிட்ட சொன்னா ஆரம்பிச்சுடுவேன்னு, அந்த இடத்துல ஒரு காலிக் குடுவையை வெச்சேன். என் மிச்சத்தை எல்லாம் அதுலதான் ஊத்தினேன்.”

பெரியவள் மேடையைப் பிடித்துக்கொண்டாள். “மத்தியானம் நான் வந்தப்போ அந்த இடத்துல ஜாடிக்குப் பதிலா ஒரு குடுவை இருந்துச்சு. ஜாடியக் கழுவப் போட்டிருப்பாங்கன்னு நினைச்சு, என் மிச்சத்தை எல்லாம் நானும் அதுலதான் ஊத்தினேன்.”

இருவரும் குடுவையைப் பார்த்தனர்.

“அக்கா. அப்படின்னா நாம மூணு பேரும் ஆகா ஓகோன்னு கண்ண மூடிக் குடிச்சது...”

“வினிகருக்குப் போக வேண்டிய கழிவு.”

“நீ வேண்டாம்னு கொட்டினது.”

“நீ சொதப்பினது.”

முதலில் அவன்தான் சிரித்தான். பிறகு அவளுக்கும் அடக்க முடியாமல் போயிற்று. சிரித்துச் சிரித்து அவள் கல்மேடையின் மீதே தலையைச் சாய்த்துக்கொண்டாள். மாடியில் அம்மா ‘இதுங்களுக்கு என்ன ஆச்சு’ என்று கதவைத் திறந்து கேட்டுவிட்டு மூடினாள்.

சிரிப்பு அடங்கியதும் வேலை தொடங்கியது. தான் எதை எவ்வளவு கலந்து எவ்வளவு கொட்டினாள் என்பது பெரியவளுக்கு மனப்பாடம். சின்னவன் கணக்கோ கண்ணளவுதான். ஆயினும் ஊற்றிய கையை மீண்டும் ஊற்றச் செய்து பார்த்தால் ஏறக்குறையத் தெரிந்துவிடும். கீழ்ச்சரிவும் கல்மேடும் ஓடைக்கரையும் அளவுக் குழாயில் ஏறி இறங்கின. ஒவ்வொரு முறையும் பெரியவள் முகர்ந்தாள், சுவைத்தாள், துப்பினாள், தலையை அசைத்தாள்.

“வரலை. முதல் பாதி வருது. கடைசியில ஒரு சூடு இருக்கே, அது வரலை.”

“நேத்து பகலெல்லாம் காத்துப் பட்டிருக்குல்ல, அதுவா இருக்கும்.”

“காத்துப் பட்டா இளகும்டா. புதுசா மிளகு முளைக்காது.” அவள் மூன்றாவது ஜாடியை மீண்டும் மூக்கருகே பிடித்தாள். நெடுநேரம் பிடித்திருந்தாள். “இதுல நம்ம மூணு தோட்டத்துலயும் இல்லாத ஒண்ணு இருக்கு.”

சின்னவன் தொட்டியின் குழாயைத் திறந்தான், காரணமின்றி மூடினான்.

“மூக்குராணின்னு உனக்குப் பேர் வெச்சவன் நான்தான்,” என்றான். “என் வாயைக் கட்டியிருக்கணும்.”

“என்னடா பண்ணித் தொலைச்சே?”

அவன் குனிந்து, கழுவும் வாளிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறிய பிளாஸ்டிக் கேனை எடுத்தான். அடியில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அவள் மூடியைத் திறந்தாள். மிளகு.

“சித்தப்பாவோடது,” என்றான்.

அந்த வீட்டில் இந்தச் சித்தப்பாவின் பெயரை யாரேனும் எடுத்தால் அப்பா சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்துவிடுவது வழக்கம். அண்ணன் தம்பி இருவரும் ஒன்றாக ஒயின் செய்துவந்தவர்கள்தாம். ஒவ்வொரு திராட்சையும் தனித்தே பேச வேண்டும், கலப்பது அதன் வாயில் துணி அடைப்பதற்குச் சமம் என்பது தம்பியின் கட்சி. தனியே பேசினால் புலம்பல், சேர்ந்து பேசினால்தான் பேச்சு என்பது அண்ணன் கட்சி. வார்த்தை தடித்தது, நிலம் பிரிந்தது, மேல்சரிவு தம்பிக்குப் போயிற்று. இருவர் தோட்டங்களுக்கும் இடையே ஒரு முள்வேலி மட்டுமே. அதைத் தாண்டி ஒரு சொல்கூடப் போனதில்லை.

“தக்கை வாங்கற கடையில பார்த்தேன். ‘எப்படிடா இருக்கே’ன்னு கேட்டாரு. நான் என்ன, மூஞ்சியத் திருப்பிக்கிட்டா போக முடியும்? மறுநாள் ஒரு கேன் குடுத்தாரு. ‘குடிச்சுப் பாரு, கலக்கிடாதே’ன்னு சொல்லித்தான் குடுத்தாரு.”

“நீ கலந்தே.”

“நான் எங்கப்பா புள்ளை ஆச்சே. ஆனா ஒண்ணும் சரியா வரலை. எதுல ஊத்தினாலும் அதுவே முன்னாடி வந்து நின்னுச்சு. எல்லாத்தையும் மிச்சத்துல கொட்டிட்டேன். போட்டிக்கு வெச்சதுல ஒரு துளி கிடையாது. நம்புக்கா.”

அவள் நம்பினாள். இரண்டாவது ஜாடியில் அந்தச் சூடு இல்லை என்பதை அவள் நாக்கே அறிந்திருந்தது. அவன் தனியே ஊற்றியபோது முந்திக்கொண்டு நின்ற ஒயின், அவளுடைய கண்டிப்பான மிச்சங்களோடு சேர்ந்தபோது தன் இடத்தில் போய் அமர்ந்திருக்கிறது.

“போய் அப்பாகிட்ட சொல்லு,” என்றான் சின்னவன். அவன் குரலில் கேலி இல்லை. “சித்தப்பாகிட்ட நான் கை நீட்டினேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சாவி உனக்கு. நான் திரும்ப நகரத்துக்குப் பஸ் ஏறிடறேன்.”

உண்மைதான். ஒரே ஒரு வாக்கியம், சாவி கையில். சாயங்காலம் அந்தக் கம்பெனிக்காரரிடம் ‘வரவில்லை சார்’ என்று சொல்லிவிடலாம். இவ்வளவு நாள் அவள் விரும்பியதும் அதுவே அல்லவா? பின் ஏன் கால் நகரவில்லை?

“சாவியை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?” என்றாள் கடைசியில். “நாளைக்குத் தொட்டியில எதை ஊத்துவேன்? என்னோட ஒண்ணாம் நம்பரையா? அதுக்கு நானே ஓட்டுப் போடலையேடா.”

அவன் கேனின் மூடியைத் திருகி மூடினான்.

“உன்னை ஒண்ணு கேக்கறேன். வீட்டுல மூணு பேர் இருக்கோம். ஒருத்தர்கிட்டயாவது சொல்லணும்னு தோணலையா? இவ்வளவு பெரிய விஷயத்தை மனசுல வெச்சுக்கிட்டு எப்படிடா எங்க மூஞ்சியப் பார்த்து ரொட்டி தின்னே?”

சொல்லி முடித்ததும் தன் சட்டைப் பையிலிருந்த கைப்பேசி அவளுக்குக் கனத்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவசரமாகக் கையை எடுத்துக்கொண்டாள்.

“வா. வண்டியில ஒரு காலிப் பீப்பாயை ஏத்து. சித்தப்பாவைப் போய்க் கேக்கலாம்.”

“அப்பா?”

“வாங்கிட்டு வந்து சொல்லிக்கலாம். ரெண்டு பேருமா உதை வாங்கினா பாதி வலிதான்.”

பீப்பாயை உருட்டிக்கொண்டு வண்டிக் கொட்டகைக்கு வந்தனர். வண்டியின் முன் இருக்கையில், ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில், அப்பா உட்கார்ந்திருந்தார். முழங்கால்களுக்கு இடையே ஒரு பாட்டில். காலையில் மூன்றாவது ஜாடியிலிருந்து ஊற்றி எடுத்தது. வாயில் துணி சுற்றிய அடைப்பு.

உருண்டுகொண்டிருந்த பீப்பாயைச் சின்னவன் காலால் தடுத்து நிறுத்தினான்.

“அப்பா, நாங்க சும்மா...”

“காலிப் பீப்பாயோட சும்மாவா போறீங்க?” என்றார் அப்பா, முன்னால் பார்த்தபடியே. “முதல் வாய்லயே எனக்குத் தெரிஞ்சுது. அவன் சரக்கு என் நாக்குக்குத் தெரியாதா? யாரு வந்து சொல்றீங்கன்னு காலையிலேர்ந்து காத்துக்கிட்டு இருக்கேன். ஒருத்தனும் வரக் காணோம்.”

“சொல்லத்தான்ப்பா...”

“வண்டிய எடு.”

மூவருடனும் வண்டி சுற்றுப்பாதை வழியே மேல்சரிவுக்கு ஏறிற்று. அப்பா கோபமாக இருக்கிறாரா, மகிழ்ச்சியாக இருக்கிறாரா என்று பெரியவளால் கண்டுகொள்ளக் கூடவில்லை. அவர் பாட்டிலைப் பிடித்திருந்த விதம் மட்டும், மருத்துவமனைக்கு எதையோ கொண்டுபோகிறவரைப் போல் இருந்தது.

சித்தப்பா முற்றத்தில் குழாயைப் பிடித்துப் பீப்பாய் கழுவிக்கொண்டிருந்தார். வண்டியிலிருந்து இறங்குவது யாரென்று கண்டதும் கை தாழ்ந்தது. நீர் அவர் காலணியின் மீதே கொட்டிக்கொண்டிருந்தது.

“தண்ணிய நிறுத்துடா,” என்றார் அப்பா.

இத்தனை காலத்துக்குப் பிறகு அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் வாக்கியம் அது. சித்தப்பா நிறுத்தினார்.

அப்பா பாட்டிலை நீட்டினார். சித்தப்பா ஒரு கோப்பையைக் கழுவி எடுத்துவந்து, ஊற்றி, வாயில் வைத்தார். மென்றார். கண்கள் அண்ணனைவிட்டு அகலவில்லை.

“என்னோடது இருக்கு.”

“இருக்கு.”

“கலந்துட்டீங்க.”

“நான் கலக்கல. யாருமே கலக்கல. அது ஒரு பைத்தியக்காரக் கதை, அப்புறம் சொல்றேன். எப்படி இருக்கு?”

சித்தப்பா விழுங்கினார். காலிக் கோப்பையை மறுபடியும் நீட்டினார்.

அப்பா ஊற்றினார். சின்னவன் தமக்கையின் முழங்கையை இடித்தான்.

“ஒரு பீப்பாய் வேணும்டா,” என்றார் அப்பா. “நீ சொல்ற விலை. லேபிள்ல மேல்சரிவுன்னு உன் தோட்டத்துப் பேரையும் போடறேன்.”

சித்தப்பாவின் முகம் மாறிற்று. கோப்பையைக் கவனமாகக் கீழே வைத்தார். “ஒரு வாரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதாண்ணா? மொத்தத்தையும் அந்தப் பெரிய கம்பெனிக்குப் பேசி முடிச்சுட்டேன். நாளைக்கு டேங்கர் வருது.”

“நீயா? டேங்கர்லயா?” அப்பாவுக்கு உண்மையிலேயே புரியவில்லை. “எதோடயும் சேர்க்கக் கூடாதுன்னு என்னோட மல்லுக்கட்டி வேலி போட்டவன்டா நீ. அவன் கொண்டுபோய் ஊரு பேரு தெரியாத எதெதோடயோ கலந்துடுவானே?”

“கலக்கட்டும்னுதான் குடுத்தேன். வயசாச்சுண்ணா, தனியா ஆகலை. ஆனா யார் கலக்கப் போறாங்கன்னு முதல்ல கேட்டேன். சொன்னாங்க. அந்தக் கைன்னா சரி, தாராளமா எடுத்துக்கோங்கன்னுட்டேன்.”

“எந்தக் கை?”

பெரியவள் ஈரத் தரையில் ஓரடி முன்வைத்தாள். ‘சொல்லாதீங்க சித்தப்பா’ என்று கத்த வேண்டும் போலிருந்தது.

சித்தப்பா குழப்பத்துடன் அண்ணனைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “என்னண்ணா இப்படிக் கேக்கறீங்க? உங்க பொண்ணுதான். இவ அங்க சேரப் போறாள்ல? அவங்ககிட்ட இன்னிக்கு முடிவு சொல்றதா இருக்கான்னு சொன்னாங்களே. உங்களுக்குத் தெரியாமலா?”



“அக்கா?” என்றான் சின்னவன். எங்கள் முகத்தைப் பார்த்து எப்படி ரொட்டி தின்றாய் என்று அவள் கேட்டது அவன் கண்களில் அப்படியே நின்றது.

அப்பா அவள் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபமில்லை. காலையில் ஜாடியின் அடியைப் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மீண்டும் படித்தாரே, அதே முகம்.

அந்த நேரம் பார்த்து அவள் சட்டைப் பையில் கைப்பேசி அடிக்கத் தொடங்கியது.

அவள் அதை எடுக்கவுமில்லை, அணைக்கவுமில்லை. அது அடித்துக்கொண்டேயிருந்தது.

“எடும்மா,” என்றார் அப்பா. “நீ என்ன சொல்றேன்னு நானும் கேக்கறேன்.”